கனத்தவளின் முதல் போணி

தோவாவைத் தராசில் ஏற்றினால் ஒரு அரிசி மூட்டைக்குத் தேறுவது சந்தேகம். பலமாகக் காற்றடித்தால் கார்கள் நிற்கும் மைதானத்தின் மறுகோடியில் போய் விழுவாள் என்று தோன்றும். ஆனால் போல்ஸா தெருவில் அவளைவிடக் கனமானவள் வேறு யாரும் இல்லை. "கனத்தவ வரா" என்று ஒரு கடையில் குரல் எழுந்தால், அடுத்த கடையில் கதவு சாத்தப்படும்.

கனம் உடம்பில் இல்லையாம், ஆவியில் இருக்கிறதாம். ஆவி லேசானவர்கள் விடிந்ததும் முதல் ஆளாக வந்து வாங்கினால் அன்றைக்கு வியாபாரம் பறக்கும். ஆவி கனத்தவள் போணி செய்தாலோ, ஈகூட எட்டிப் பார்க்காது. வியட்நாமின் சைகோனை விட்டு கலிபோர்னியாவுக்கு ஓடி வந்தபோது அந்த ஜனங்கள் வீட்டை விட்டார்கள், நகையை விட்டார்கள், பெற்றவர்களின் கல்லறையைக்கூட விட்டார்கள். இந்த நம்பிக்கையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பாவம், தோவா செய்த குற்றம்தான் என்ன? கணவன் இறந்த சில நாளில், அவன் மோதிரத்தை எடுத்துக்கொண்டு ஒரு நகைக்கடைக்குள் முதல் ஆளாக நுழைந்தாள். விலை கேட்டாள். விற்க மனம் வராமல் அழுதுகொண்டே திரும்பினாள். அன்று மாலை அந்தக் கடையில் கொள்ளை போனது. பிறகு ஒரு நாள் மீன்கடையில் முதல் ஆளாகக் கெளுத்தி மீன் வாங்கினாள். மதியம் மின்சாரம் போய், தொட்டியில் இருந்த மீனெல்லாம் மல்லாந்துவிட்டன. ஊர் வாய்க்கு இது போதாதா?

கொடுமையிலும் கொடுமை, தோவா நாக்குக்கு அடிமை. அந்தத் தெருவில் எது எங்கே ருசி என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. பிறந்த வரிசையால் ஏழாமக்கா என்று பேர்பெற்றவளின் கடையில் ஆவியில் எடுக்கும் அரிசித் தோசை, முதல் ஈட்டில்தான் பட்டுத் துணி மாதிரி வரும். சோயாப் பால் கடையில் முதல் அண்டாவில்தான் ஏடு படியும். ரொட்டிக் கடையில் அடுப்பைத் திறந்ததும் எடுக்கிற முதல் ரொட்டி, உடைக்கும்போது சுள்ளி முறிகிற மாதிரி சத்தம் போடும். எல்லாம் அவளுக்குத் தெரியும். எதுவும் கிடைக்காது. மைதானத்து விளக்குக் கம்பத்தடியில் நின்றுகொண்டு, யாராவது கையில் பையோடு வெளியே வரும்வரை காத்திருப்பாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் படி ஏற அனுமதி.

பசி பொறுக்காமல் ஒரு நாள் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டாள்.

"அங்கேயே நில்லு தங்கச்சி! இன்னும் போணி ஆகல," என்று கரண்டியை நீட்டினாள் ஏழாமக்கா.

"வாசலுக்கு வெளியிலதானே அக்கா நிக்கிறேன்?"

"நீ வெளியில நிக்கிற. உன் நிழல் உள்ள வந்துடுச்சே! அதக் கொஞ்சம் இழுத்துக்கோ."

சமையலறையிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. தோவாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் நாளைக்கு இரண்டாவது ஈடும் கிடைக்காதே! வேறொருவர் போணி செய்தபின் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவள் திரும்பியதும், கனம் கழிய ஏழாமக்கா பழைய செய்தித்தாளைத் திரித்துக் கொளுத்தி வாசலைச் சுற்றிக் காட்டினாள். அந்தப் புகை தோவாவின் சட்டையில் ஏறிக்கொண்டு வீடுவரை வரும். அதை முகர்ந்துகொண்டேதான் அவள் தினமும் சாப்பிட்டாள்.

இப்படி இருக்கையில், காப்பிக் கடை லாப் ஒரு நாள் அவளைத் தேடி விளக்குக் கம்பத்துக்கே வந்தான். அவன் கடை வாசலில் கிழவர்கள் நாள் முழுக்கச் சதுரங்கம் ஆடுவார்கள். தோவாவைக் கண்டால் ஈயை விரட்டுகிற மாதிரிக் கையை வீசுபவன் அவன். அன்றைக்கு, "அக்கா!" என்றான்.

தோவா பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்தாள்.

"உங்களத்தான் அக்கா. என் கடைக்கு எதிர்ல ஒரு பொண்ணு புதுசா கடை போட்டிருக்கா, பாத்தீங்களா? கரும்புச் சாறு, வல்லாரைச் சாறு, உப்பு போட்ட பாலாடைக் காப்பின்னு என்னென்னமோ வைக்கிறா. என் ஆளுங்கள்லாம் அங்க ஓடுறாங்க. நாளைக்குக் காலையில முதல் ஆளாப் போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்களேன்."

அவன் எதற்குச் சொல்கிறான் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. வீட்டுக்கு எலிமருந்து வாங்குவதுபோல் அவளை வாங்க வந்திருக்கிறான்! காறித் துப்பியிருக்க வேண்டும். ஆனால் அவள் காதில் விழுந்தது இரண்டே சொற்கள்தான்: முதல் ஆளா. அவளை முதல் ஆளாக வா என்று ஒருவர் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று!

மறுநாள் விடிந்ததும் போனாள். கடைக்காரி குயென் வடக்கே சான் ஹோஸே நகரில் பிறந்து வளர்ந்தவள். குதிரைவாலும் மாவு படிந்த கன்னமுமாக ஓடி வந்து கதவைத் திறந்தாள்.

"வாங்க சித்தி! இன்னைக்கு நீங்கதான் முதல் போணி!"

தோவா வாசற்படியிலேயே நின்றாள். "எனக்கு... ஆவி கனம்னு சொல்லுவாங்க. உனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கா? நீங்க பறந்துடாம இருக்க உங்க பையில கல்லு வைக்கணும் போல இருக்கு!"

குயென் அவள் தந்த நோட்டை வாங்கி, தன் அம்மா செய்வதைப் பார்த்திருந்தபடி, கரும்பு இயந்திரத்திலும் கோப்பை அடுக்கிலும் தட்டுகளிலும் தடவினாள். "ஒட்டிக்கோ, ஒட்டிக்கோ," என்று பாட்டு வேறு. தோவாவின் கண்ணீர் காப்பிக்குள் விழுந்தது. பெற்ற மகள் இருந்திருந்தால்கூட அவள் மனம் இப்படிக் குளிர்ந்திருக்குமா?

அதன் பிறகு லாப் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் அவளே போனாள். முதல் காப்பி, முதல் கரும்புச் சாறு, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த முதல் எள்ளுருண்டை. இரவு படுக்கும்போதே காலையை நினைத்துச் சிரித்துக்கொள்வாள். லாப்பின் கடைப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லாப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளை அனுப்பியது அவன்தான் என்றாலும் கூச்சமில்லாமல் வாயைத் திறந்தான். "எதிர்க்கடையில தினமும் போணி பண்றது யாரு தெரியுமா? கனத்தவ! அந்தக் காப்பியக் குடிச்சிட்டு யாராவது லாட்டரிச் சீட்டு வாங்கிடாதீங்கய்யா!"

சதுரங்கக் கிழவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, குயென் கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். நகம் அழகுபடுத்தும் கடைப் பெண்கள் வேலைக்குப் போகிற வழியில் காப்பி வாங்குவார்கள். அவர்களும் மறுபக்கமாக நடந்தார்கள். குயெனின் பனிக்கட்டி இயந்திரம் பழுதானது. பழைய இயந்திரம், பழுதாகாமல் என்ன செய்யும்? ஆனால் அன்று ஏழாமக்கா கடைவாசலில் நின்று, "நான் சொல்லல?" என்றாள்.

குயென் இளைத்துப்போனாள். அம்மா தினமும் போனில் திட்டினாள். ஒரு காலை அவள் காப்பியை வைத்துவிட்டு, தோவாவின் கண்ணைப் பார்க்காமல் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"சித்தி, நாளையிலேருந்து கொஞ்சம் லேட்டா வரீங்களா? ஒரு ஒன்பது மணிக்கு. ரெண்டு பேர் வந்து போனப்புறம்."

தோவாவின் கை கோப்பையிலேயே நின்றுவிட்டது. "நீயுமா?"

"நான் இதையெல்லாம் நம்பல சித்தி. வர்றவங்க நம்புறாங்களே!" குயென் உதட்டைக் கடித்தாள். "லாப் அண்ணன்தான் உங்கள இங்க அனுப்பினாராமே? ஏழாமக்கா சொன்னாங்க."

"முதல் நாள் மட்டும்தான் கண்ணு. அப்புறம் ஆசைப்பட்டு நானாத்தான் வந்தேன்."

"அதுதான் சித்தி பிரச்சினையே."

ஐயோ, அந்தச் சொல்லை எப்படித்தான் சொன்னாளோ! விரோதத்துக்காக வந்த நாளை மன்னித்துவிடலாமாம். பாசத்துக்காக வந்த நாட்கள்தான் குற்றமாம். தோவா எழுந்தாள். பாதிக் காப்பி அப்படியே இருந்தது. மைதானத்தைத் தாண்டியதும் ஏனோ திரும்பிப் பார்த்தாள். குயென் வாசலில் குனிந்திருந்தாள். கையில் திரித்த காகிதம் எரிந்துகொண்டிருந்தது. பழக்கமில்லாத கை, விரலைச் சுட்டுக்கொண்டு உதறியது.

அன்று தோவா சமைக்கவில்லை, அழவும் இல்லை.

மறுநாள் வழக்கத்துக்கு முன்பே புறப்பட்டாள். இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டாள். ஏழாமக்காவின் கடையையும் ரொட்டிக் கடையையும் கடந்து போய், குயெனின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றாள். உள்ளே குயென் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கதவருகே வந்தாள். சாவி கையில் இருந்தது.

"சித்தி, ப்ளீஸ். போயிட்டு அப்புறமா வாங்க."

"கதவத் திற. ஒரு காப்பி போதும்."

"முடியாது சித்தி."

"சரி, நிக்கிறேன்."

கனத்தவள் இனி முதலில் வரமாட்டாள் என்று கேள்விப்பட்டு, நகக் கடைப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டே வந்தார்கள். வாசலில் நிற்பது யார் என்று தெரிந்ததும் பேச்சு அறுந்தது. எதிர்ப்பக்கம் நடந்தார்கள். ஒரு கிழவர் வந்தார், தொண்டையைச் செருமினார், திரும்பிப் போனார். குயெனின் கண்கள் அந்த முதுகுகளோடு போய், திரும்பித் தோவாவிடம் வந்தன.

தான் நான்கு அடி நகர்ந்தால் அந்தக் கடை பிழைத்துவிடும் என்று தோவாவுக்குத் தெரியும். இந்தப் பெண் ஒருத்திதான் தன்னைப் பார்த்துச் சிரித்தவள் என்பதும் தெரியும். ஊர் முழுக்கத் தீ மூட்டியபோது அவளுக்கு வலிக்கவில்லை. இந்த ஒரு காகிதம்தான் சுட்டது. அதனால்தான் அவள் நகரவில்லை.

"சித்தி, என் காசெல்லாம் இந்தக் கடையிலதான் இருக்கு!" குயென் கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்தி அழுதாள்.

தோவா அந்தக் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

லாப்பின் கடையில் அதற்குள் நான்கு பேருக்குக் காப்பி ஆகியிருந்தது. அவன் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்தான். கதவுக்கு நேர் முன்னால் அதைப் போட்டு, துண்டால் துடைத்தும் விட்டான்.

"உக்காருங்க அக்கா. எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

தோவா உட்கார்ந்தாள்.