மேல்படிச் சந்தாவும் ஒரு பெட்டி மாம்பழமும்

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வாசகர்கள் எழுத்தாளருக்கு ஆதரவுப் பணம் அனுப்ப உதவும் இணையதளங்களில் எது சிறந்தது என்று இரண்டு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த இரண்டு மாதமும் ஒரு வரி எழுதவில்லை. இணையத்தில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுபவன் நான். அன்று என் வாசகர்கள் பதினொரு பேர், மச்சினர்கள் இருவர் உட்பட.

முதல் தளத்தில், எழுத்து பிடித்திருந்தால் எனக்கு ஒரு காப்பி வாங்கித் தரும்படி வாசகரைக் கேட்க வேண்டும். மனைவியிடம் காட்டினேன்.

“ஏனுங்க, ஊட்டுக்கு வர்றவங்களுக்கு நாமதான காப்பி குடுக்கோணும்? நீங்க கேட்டு வாங்கிக் குடிப்பீங்களா?”

எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் இதற்கு மறுபேச்சு கிடையாது. ஒப்பீட்டு நோட்டில் அந்தத் தளத்தை அடித்துவிட்டேன்.

இரண்டாவது தளம் வரும் பணத்தில் கழிவு குறைவாகத்தான் எடுத்தது. ஆனால் அது கேட்ட படிவங்களைப் பார்த்தால் என்னை நாடு கடத்தப்போகிறார்களோ என்றிருந்தது. மூன்றாவது, மாதச் சந்தா. சேரும் பொத்தான் பெரிதாக, பச்சையாக இருந்தது. விலகும் பொத்தானை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதையும் நோட்டில் நிறைகளின் பக்கமே எழுதிக்கொண்டேன்.

அதிலேயே சேர்ந்தேன். சந்தாவுக்கு மூன்று படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசு. கீழ்ப்படிக்கு நன்றி. நடுப்படிக்குக் கட்டுரை இரண்டு நாள் முன்பாக. மேல்படிக்கு என்ன தருவதென்று தெரியாமல், சீசனில் எங்கள் தோப்பு மாம்பழம் ஒரு பெட்டி என்று போட்டேன்.

மாசிக்குள் மேல்படியில் ஏழு பேர்! ஏழு பேரும் ஏலப்பாறைக்காரர்கள். தேயிலைக் காட்டுக்குள் எனக்கொரு வாசகர் வட்டம் என்று பூரித்து, வாரம் ஒரு கட்டுரை எழுதினேன். மனைவி வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டினாள்.

“காய்ப்பு இல்லாத வருசந்தானுங்க உங்க வாசகர் யாருன்னு தெரியும்.”

அவ்வளவு நாள் ஆகவில்லை. பழம் முடிந்த மாதமே ஆறு பேர் விலகினார்கள். ஏழாமவர் மட்டும் இருந்தார். ஆடி, ஆவணி, புரட்டாசி, பணம் நிற்கவில்லை. எனக்கு அந்த ஒருவர் போதும். என்னைப் படிக்க ஒரு ஆள் உண்டு என்று மனைவியிடம் தினமும் சொன்னேன். ஐப்பசியில், பெட்டி அனுப்ப வாங்கிய எண்ணுக்கு நன்றி சொல்ல அழைத்தேன். எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிறவர். மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“நீங்களே கூப்பிட்டது நல்லதாப் போச்சு சார். மத்த ஆறு பேருக்கும் புள்ளைங்க சந்தாவ நிறுத்திக் குடுத்துட்டாங்க. நான் மூணு மாசமா தேடுதேன். அந்தப் பொத்தான் எங்கன சார் இருக்கு?”