வானத்தில் ஏற்றிய சிவப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு, தங்கை செத்த பிறகு அவளுடைய ஒன்று. ஏழு பேரையும் ஆளாக்கினேன், ஒருவரும் சோடை போகவில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கடைசி மகனின் மகள் அவள். இதுவும் அவளுடைய ஒரு படத்தைப் பற்றியதுதான்.

மகனுக்குக் கடற்றொழில். பேத்திக்குக் கமெராப் பைத்தியம். கொக்கு, கண்டல் மரம், கடல், முகில், எதையும் விடமாட்டாள். யாழ்ப்பாணத்தில் படம் பிடிக்கப் பழக்குகிற வகுப்பு ஒன்று நடக்கிறது, அதில் சேரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தகப்பன் மசியவில்லை.

"அமத்தினா விழுகிற படத்துக்கு ஒரு படிப்போ?" என்றான். பெட்டை சோறு தின்னாமல் படுத்ததைக் கண்டு பிறகு கொஞ்சம் இறங்கினான். "வாசிகசாலை விழாவிலை உன்ரை படமும் தொங்கப்போகுதெண்டாய். சனம் என்ன சொல்லுதெண்டு பாத்திட்டுச் சொல்லுறன்."

விழாவுக்கென்று அவள் எடுத்தது, விடியற்காலையில் தகப்பனுடைய வள்ளம் கரையை விட்டுப் போகிற படம். லப்டொப்பில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. சாம்பல் பூசின மாதிரி இருந்தது. "இனித்தான் அப்பம்மா நிறம் திருத்தவேணும்" என்று ஒரு பட்டனைத் தட்டினாள். கண் மூடித் திறக்க முன்னம் கடல் நீலமாகி, வானம் வெளுத்துப் போனது.

"எடி பிள்ளை, உது விடியப்புறமோ? சோறு வடிக்கிற நேரமெல்லோ."

"அது தானாய்ச் செய்யிறது, அப்பம்மா. படத்திலை ஒரு நிறம் கூடிப்போனால் பிழையெண்டு நினைச்சுக் குறைச்சுப்போடும்."

"பிழையெண்டு ஆர் அதுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எல்லாப் படத்துக்கும் ஒரே கணக்கு."

எனக்கு அதை அப்படியே விட மனமில்லை. மற்றப் படங்களையும் போட்டுத் தட்டிக் காட்டச் சொன்னேன். மழை நாளில் எடுத்த கொக்கை அந்தப் பட்டன் கழுவித் துடைத்தது மாதிரி ஆக்கிவிட்டது. அதில் ஒரு குறை சொல்ல ஏலாது. வாழைத்தோட்டத்தைக் கொடுத்தால், பச்சை கூடிப்போனதென்று எண்ணி இலைகளை வாட்டிவிட்டது. ஒரு நேரம் கெட்டித்தனம், ஒரு நேரம் மடத்தனம். அடுத்ததற்கு என்ன செய்யுமோ என்று பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததே மருமகள் சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது.

கையால் திருத்துவது வேறு விதம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கோடு, கோட்டில் ஒரு மணி ஓடும். இந்தப் பக்கம் இழுத்தால் கூடும், அந்தப் பக்கம் இழுத்தால் குறையும்.

"நீங்களே இழுங்கோ அப்பம்மா. நீங்கள் பாக்காத விடியலோ?"

அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சிவப்பைப் பிடித்து இழுத்தேன். வானம் பூத்தது. இன்னும் இழுத்தேன். முகிலின் வயிறெல்லாம் செம்பு, கடலிலும் அதே செம்பு. அதைத்தான் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள்.

விழாவில் நான் முன்வரிசைக் கதிரையில் இருந்தேன். மகனோடு ஒரே கரையில் தொழில் செய்கிற பெரியவர் ஒருவர் படத்துக்கு முன்னால் போய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"தம்பி, உது உன்ரை வள்ளந்தானே?"

"ஓம் அண்ணை."

"உந்த வானத்தைக் கண்டிட்டும் எஞ்சினை இழுத்தனியோ? வீட்டிலை அப்பிடி என்ன சண்டை?"

"காப்புறுதி போட்டிருப்பான்" என்றான் பக்கத்தில் நின்றவன். எல்லாரும் சிரித்தார்கள்.

மகன் சிரிக்கவில்லை. விடியப்புறம் கிழக்கு அப்படிச் செம்பாகச் சிவந்தால் எங்கள் கரையில் வள்ளம் தள்ளமாட்டார்கள், காற்று எழும்பும் என்பார்கள். அவன் படத்தைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிவந்து, மேசையில் குப்புற வைத்தான்.

"இதைத்தான் படிக்கப்போறியோ? தொழில் தெரியாதவனெண்டு ஊர் சிரிக்குது."

பேத்தி படத்தை நிமிர்த்தக் கை நீட்டினாள்.

"அவளை விடு. சிவப்பு நான் போட்டது" என்றேன்.

"என்னணை அம்மா, உங்களுக்குத் தெரியாதோ?"

நான் இருந்து யோசித்தேன். போகிற நேரத்து வானத்தைப் பார்ப்பது ஆம்பிளைகளின் வேலை. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்பது வள்ளம் திரும்பி வருகிற கடலை. ஒரு சிவந்த விடியல் என் மனதில் நிற்கிறதென்றால், என் மனிசன் பேச்சுக் கேளாமல் கடலுக்கு இறங்கிப் போன நாளின் விடியலாகத்தான் இருக்கும். மற்ற விடியல்களை ஒருக்கால் பார்த்துவிட்டு உலை வைக்கப் போயிருப்பேன். அவற்றின் நிறம் என்னிடம் இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் மகன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். பேத்தி, திருத்தாத படத்தை லப்டொப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, "அப்பா, அண்டைக்கு எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள். அவன் நிமிரவில்லை. வள்ளத்தின் வெள்ளைப் பெயின்றை வெள்ளையாக்கினால் மற்றதெல்லாம் தானாகச் சரிவரும் என்று சொல்லி, அவள் படத்து வள்ளத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். வந்தது பழையபடி மத்தியானம்.

"விடியப்புறத்திலை வெள்ளைப் பெயின்ற் வெள்ளையாவோ தெரியும்?" என்றான் மகன், இருந்த இடத்திலிருந்தே.

"அப்ப என்ன நிறம்?"

அதைச் சொல்ல அவனுக்கும் தெரியவில்லை. வலையை வைத்துவிட்டு எழும்பி வந்தான். எந்தக் கோட்டைப் பிடிக்கிறதென்று கேட்டான். முதலில் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிட்டு, "என்ரை வள்ளம் எங்கை?" என்றான். நீலத்தை ஏற்றினான், இறக்கினான்.

"கடலை விடு. அடிவானத்திலை மட்டும் மஞ்சள் ஏத்தேலுமோ?"

"ஏலும்."

"கூடிப்போச்சு. குறை. இல்லை, முந்தினதுதான் சரி. இல்லை, நில்லு."

மருமகள் வைத்த தேத்தண்ணி ஆறிப் போனது. நான் ஒன்றிலும் கை வைக்கவில்லை, ஆனால் எட்டிப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியாக வந்த படம், நான் சாம்பல் என்று சொன்ன படத்துக்குக் கிட்டத்தான் நின்றது. ஆனால் அதே படம் இல்லை. வள்ளத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் மங்கலாக ஒரு வெளிச்சம் ஒட்டியிருந்தது.

மகன் அதை நெடுநேரம் பார்த்தான். "ஓம். உதுக்கு வள்ளம் தள்ளலாம்" என்றான். திரும்பிப் போய் வலையைக் கையில் எடுத்துக்கொண்டு, மகளைப் பாராமலே கேட்டான்: "உந்த வகுப்பு எத்தினை மணிக்குத் தொடங்குது? முதல் பஸ்ஸிலை போனால் நேரம் காணுமோ?"

சரி பிள்ளை, இவ்வளவும் காணும், எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. உன்ரை அப்பா வெளியிலைதான் நிக்கிறார், கொஞ்சம் பலத்து வாசி.