விளக்கெண்ணெய் குடித்த கார்

போன ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் என் மச்சான் வீட்டு வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கூடியிருந்த உறவினர்களில் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மீதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

என்ன நடந்தது என்று வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் கார் வாங்கிய கதை இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் கப்பலேறும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி அது. சிவப்பு நிறம். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு குடை வேண்டுமானால் வைக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர். எனக்கும் ஸ்போர்ட்ஸுக்கும் உள்ள உறவு, கல்லூரியில் கால்பந்து ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

துரை போகும்போது ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். பந்தயக் கார்களுக்கெல்லாம் ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றுவார்களாம். இதற்கும் அதையேதான் ஊற்றி வளர்த்திருக்கிறார். ஆமணக்கு எண்ணெய் என்றால்... ஆம், அதுவேதான். சின்ன வயதில் இரண்டு பேர் கையைப் பிடிக்க, ஒருவர் மூக்கைப் பிடிக்க, நம் தொண்டையில் இறங்கிய அதே விளக்கெண்ணெய்.

அது இஞ்சினில் வெந்து, பின்னால் புகையாக வரும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள்! எங்கள் தெருவில் கோலி விளையாடும் பிள்ளைகள் என் கார் வந்தால் வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். பெரியவர்கள் ஓடுவதில்லை. முகம் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிடும். எனக்கு ஹாரனே தேவைப்படவில்லை.

என் மனைவி நாகு மட்டும் அந்த வண்டியில் காலே வைத்ததில்லை. கம்பத்தில் அவள் அண்ணன் மகளுக்குப் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தபோதுதான் கொஞ்சம் இறங்கிவந்தாள்.

"அந்த வாடையைக் குடிச்சுக்கிட்டு நான் வர முடியாது. எண்ணெயை மாத்துங்க, வாரேன்" என்றாள். நான் சந்தோஷப்படுவதற்குள் இன்னொன்றும் சொன்னாள். "ஆனா வழியில மட்டும் நின்னுச்சு, மறுநாளே போடி ஏலக்காய்க்காரருக்குக் குடுத்துறணும். சம்மதமா?"

போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் தம் மருமகனுக்கு இந்தக் காரை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு வாசனை ஒரு பொருட்டில்லை. ஏலக்காய் மூட்டைகளோடு வாழ்கிறவர்.

சம்மதித்தேன். வேறென்ன செய்வது?

உடனே தேனி கடைவீதிக்குப் போனேன். மண்ணெண்ணெய், டயர், மோட்டார் சாமான் எல்லாம் விற்கும் தேவசகாயம் அண்ணாச்சி, டின்களை வரிசையாக எடுத்து வைத்தார்.

"தரைக்குள்ள இருந்து எடுக்கிற எண்ணெயில மூணு தினுசு இருக்கு சார். இளசு, நடுத்தரம், கெட்டி. உங்களுக்கு எது?"

"வேகமாகப் போகிற வண்டி, அண்ணாச்சி."

"வண்டி வேகமாப் போகும் சார். ஓட்டுறவுக போவாகளான்னுதான் கேக்கேன்."

நடுத்தரம் எடுத்துக்கொண்டேன். என் வயதுக்கும் அதுவே பொருத்தம்.

ஒரு காருக்கு என்ன எண்ணெய் ஊற்றலாம் என்பதில், கார் இல்லாதவர்களுக்குத்தான் சந்தேகமே இருப்பதில்லை. கடையில் நின்ற ஒருவர், மாட்டு வண்டி அச்சுக்குப் போடுகிற மையில் ஒரு கைப்பிடி கலக்கச் சொன்னார். இன்னொருவர், பெட்ரோலில் இரண்டு அந்துருண்டை போட்டால் பறக்கும் என்றார். அண்ணாச்சியே ஒரு கறுப்புப் பொடியை நீட்டி, "கிராஃபைட்டுங்கிறாக. ஒரு கரண்டி போட்டா இஞ்சின் வழுவழுன்னு ஓடும்னு சொல்றாக" என்றார்.

எல்லாவற்றையும் மறுத்தேன். சீமையிலிருந்து வரும் மோட்டார் பத்திரிகை ஒன்றைப் படித்துவைத்திருந்தேன் அல்லவா? "எதையும் கலக்கக் கூடாது. அதிலும் செடியில் விளைந்த எண்ணெயையும் தரையில் எடுத்த எண்ணெயையும் கலந்தால் இஞ்சின் வயிற்றில் பிசின் பிடித்துவிடும்" என்று, நானே கண்டுபிடித்தது போலச் சொன்னேன். கடை கொஞ்சம் அமைதியானது. அந்த அமைதிக்காகவே மேலும் ஒரு டின் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து பழைய எண்ணெயை இறக்கி, இஞ்சினை அலசி, புதியதை ஊற்றினேன். வாசனை போயே போய்விட்டது.

ஞாயிறு காலை. பட்டுப்புடவையும் மூட்டையுமாக நாகு வாசல்படி இறங்குகிறாள். மிச்ச டின்னை வழிக்கு எடுத்துப் போகலாம் என்று நான் கொட்டகையிலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறேன். நேருக்கு நேர்!

பயணம் கிளம்பும்போது எண்ணெய் எதிரே வரலாமா? அவள் திரும்பி உள்ளே போய், தண்ணீர் குடித்து, சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி வந்தாள்.

"எதுக்க வந்த எண்ணெய் இந்த வண்டியில ஏறக் கூடாது. அங்கனயே வச்சிட்டு வாங்க."

என்னிடம் பதில்கள் இருந்தன. ஆனால் கிளம்புகிற நேரத்தில் யார் பதில் சொல்லிக்கொண்டிருப்பது? டின்னைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டேன்.

வீரபாண்டி தாண்டினோம். இளங்காற்று, இரு பக்கமும் நெல். "பரவாயில்லையே" என்றாள். எனக்கு அது பட்டமளிப்பு விழா மாதிரி இருந்தது. சின்னமனூரும் தாண்டியது. அப்போதுதான் இஞ்சின் எண்ணெயைக் காட்டும் கடிகாரத்தின் முள் மெல்லக் கீழே சாய்வதைப் பார்த்தேன். இத்தனை நாள் கெட்டியான விளக்கெண்ணெய் அடைத்துக்கொண்டிருந்த பழைய வாஷர்களின் இடுக்கெல்லாம், புது எண்ணெய்க்கு ராஜபாட்டையாகிவிட்டது. ஊரிலிருந்து சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் இஞ்சின் இறுகிப்போகும். அணைத்துவிட்டு, ஒரு தென்னந்தோப்பு நிழலில் ஒதுக்கினேன்.

"நின்னுருச்சா?" என்றாள்.

"நிற்கவில்லை. நிறுத்தினேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"எனக்கும் ஏலக்காய்க்காரருக்கும் உள்ள வித்தியாசம்."

விஷயத்தைச் சொன்னேன். எண்ணெய் இல்லை, இருக்கிற எண்ணெய் கொட்டகையில் இருக்கிறது. அவள் தோப்பைப் பார்த்தாள். சாலையில் வழிந்திருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். பிறகு மூட்டையை அவிழ்த்தாள். துண்டு, குழந்தைச் சட்டை, அதற்குள் இன்னொரு துண்டு... அதற்குள் ஒரு பெரிய சீசா நிறைய விளக்கெண்ணெய்.

"புள்ளைக்குப் புகட்ட அண்ணன் வீட்டுல கேட்டாக" என்றாள்.

"எண்ணெய் வண்டியில் ஏறக் கூடாது என்றாயே?"

"எதுக்க வந்தாத்தான் தப்பு. இது துணிக்குள்ள நம்மகூடத்தான வருது."

தர்க்க சாஸ்திரம் கொஞ்சம் படித்திருக்கிறேன். இதற்கு அதில் விடை இல்லை.

சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊற்றாவிட்டால் கார் நாளைக்குப் போடிக்குப் போய்விடும். ஊற்றினால் பிசின் பிடிக்கும் — ஆனால் பிறகுதான் பிடிக்கும். மனிதன் எப்போது "பிறகு"வுக்குப் பயந்திருக்கிறான்? கடைவீதியில் நான் செய்த பிரசங்கத்தை மனதுக்குள் ஒருமுறை கேட்டுவிட்டு, கடகடவென்று ஊற்றினேன்.

இஞ்சினைக் கிளப்பியதும் முள் ஏறியது. வாசனையும் ஏறியது. நாகு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாளே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. அவள் கொண்டுவந்த எண்ணெய் அல்லவா?

அப்படித்தான் கம்பம் போய்ச் சேர்ந்தோம். மூக்கைப் பிடித்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சான் வந்தார்.

"வாங்க மாப்ளே. வழியில எங்கனயும் நின்னுச்சோ?"

அவருக்கும் நிபந்தனை தெரிந்திருக்கிறது. நான் நாகுவைப் பார்த்தேன். அவள் அவசரப்படாமல் இறங்கி, புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

"நிக்கலண்ணே. தோப்பு குளுகுளுன்னு இருந்துச்சு. நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்காகச் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். எனக்காகவா, காருக்காகவா என்று நான் ஆராயப் போவதில்லை.

"நாகு, விளக்கெண்ணெய் கேட்டேனே, கொண்டாந்தியா?" என்று மச்சான் மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"கொண்டாந்தேன் மதினி. வழியில செலவாகிப் போச்சு."

இந்த வாரம் முழுக்க இஞ்சினைப் பிரித்துப்போட்டுப் பிசினைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பழையபடி விளக்கெண்ணெய்தான் ஊற்றப் போகிறேன். அம்மணிக்கும் ஆட்சேபம் இல்லையாம். இஞ்சினுக்கு எது ஒத்துவரும் என்று பத்திரிகைக்காரன் எழுதிவிடுகிறான். பக்கத்து ஸீட்டுக்கு எது ஒத்துவரும் என்பதை நாமே ஊற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அத்தனை கூட்டத்திலும் என் காரைப் பார்த்து மலர்ந்து சிரித்தது ஒரே ஒரு ஜீவன் — அன்றைய விளக்கெண்ணெயிலிருந்து தப்பிய அந்தக் குழந்தை.