எனக்குத் தேவைப்படாத பக்கம்

ஓட்டத்தைப் பற்றி மட்டும் என்னிடம் பதினொரு புத்தகங்கள் இருக்கின்றன. ஓட ஆரம்பித்தது நாற்பத்தாறு வயதில். புத்தகம் வாங்க ஆரம்பித்தது அதற்கு ஒரு மாதம் முன்னால். எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். நீச்சலையும் அப்படித்தான் படித்தேன், இன்றுவரை தண்ணீரில் இறங்கவில்லை.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. சிமென்டைக் கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு அழுத்தத்தில் உடைகிறது என்று எழுதிவைக்க வேண்டும். இத்தனை வருடம் இதையே செய்ததில், அளந்து எழுதாத எதையும் நான் நம்புவதில்லை. வருடாந்திரப் பரிசோதனையில் சர்க்கரை வரும்போலிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் பயந்துபோனேன். அந்தப் பயம்தான் என்னைப் பெரம்பலூர் சாலையில் காலை ஐந்தரை மணிக்கு ஓடவைத்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதியை விழுங்கிக்கொண்டே ஓடினேன்.

புத்தகங்களில் மூன்று ரகம் உண்டு. ஓட்டப் பந்தயத்தின் வரலாறு, காலணியும் கடிகாரமும் எப்படி மாறின என்ற தொழில்நுட்பம், ஓடுகிறவன் உடம்பைப் பற்றிய மருத்துவம். மூன்றையும் பென்சிலோடுதான் படிப்பேன். எனக்குப் பொருந்தாத பக்கம் என்று பட்டால் மூலைக்கு மூலை ஒரு குறுக்குக்கோடு போட்டுவிடுவேன். அடுத்த முறை புரட்டும்போது நேரம் மிச்சம். பனியில் ஓடுவது எப்படி என்ற அத்தியாயத்துக்குக் கோடு. அரியலூர் வெயிலில் அதற்கு என்ன வேலை? பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சிக்கும் கோடு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

படித்ததை என் மனைவிக்கு வாசித்துக் காட்டுவது என் இன்னொரு வழக்கம். அவள் கேட்டதில்லை, நானாக சமையலறை வாசலில் நின்று வாசிப்பேன். ஒருநாள் வரலாற்றுப் புத்தகத்தில், நெடுந்தூர ஓட்டத்தைப் பெண்களின் உடம்பு தாங்காது என்று சொல்லி அந்தக் காலத்தில் அவர்களைப் பந்தயத்தில் சேர்க்காமலே வைத்திருந்த கதை வந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. "பாத்தியா, ஒரு பொம்பளையக் கூடப் பக்கத்துல கூப்ட்டு விசாரிக்காம, அவனுங்களாவே முடிவு பண்ணிட்டானுங்க" என்று கத்தினேன்.

"அவனுங்கள அப்புறம் திட்டலாம். இந்தத் தேங்காய ஒடச்சுக் குடுங்க" என்றாள்.

அந்த வருடம் ஆடி மாதத்திலிருந்தே அவள் மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்திருந்தாள். நாங்கள் இருந்தது மாடி வீடு. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நிற்பாள். நான் மேலே நின்றுகொண்டு, "என்கூட ரெண்டு வாரம் ஓடி வா, எல்லாம் சரியாப் போயிடும்" என்பேன்.

"நீங்க ஓடிட்டு வந்து கழட்டிப் போடுறத தொவைக்கவே மூச்சு வாங்குது. இதுல நானும் ஓடணுமா?"

இதை நான் நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆலையில் நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவள் இரண்டு பஸ் மாறி சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய் வருவாள். வந்ததும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். அலைச்சல் என்று முடிவு செய்தேன். என் நாடித்துடிப்பைத் தினமும் மூன்று வேளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவன், அவள் கையை ஒரு தடவை கூடப் பிடித்துப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோமீட்டரை அதுவரை ஓடியதிலேயே குறைந்த நேரத்தில் முடித்தேன். அந்த மிதப்பில் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே வந்தேன். அவள் சமையலறைத் தரையில், பிரிட்ஜில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் முழுக்க வியர்வை. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"முதுகு புடிச்சு இழுக்குதுங்க. தாடையும் வலிக்குது. வாந்தி வர்ற மாதிரியே இருக்கு."

"நெஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப கேஸ்தான்" என்றேன். பெரிய நிபுணன். ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். அவள் குடிக்க ஆரம்பித்ததும் கூடத்துக்குப் போய், நோட்டை எடுத்து, ஓடி முடித்த பிறகு என் நாடித்துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்கியிருக்கிறது என்பதைக் கடிகாரத்தில் பார்த்து எழுதினேன். நன்றாக இறங்கியிருந்தது. சந்தோஷப்பட்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட வேண்டிய இடங்கள் சில உண்டு. அவற்றில் இதுதான் முதலில் நிற்கிறது.

கீழ் வீட்டில் குடியிருந்த பெண்ணுக்கு லெப்பைக்குடிக்காடு சொந்த ஊர். கணவர் துபாயில் இருந்தார். தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா, மோட்டாரை நிறுத்தலாமா என்று கேட்க மேலே வந்தவர், சமையலறையை எட்டிப் பார்த்ததும் கேட்க வந்ததை விட்டுவிட்டார். குனிந்து என் மனைவியின் கையைத் தொட்டார்.

"கை ஜில்லுனு கெடக்கு. இது கேஸ் இல்லண்ணே. எங்க மாமிக்கும் இப்படித்தான் வந்துச்சு. மொதல்ல ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க."

"நெஞ்சு வலியே இல்லங்கிறாளே" என்றேன்.

"எங்க மாமியும் அதத்தான் சொன்னாங்க. அல்லாவே, பேசிக்கிட்டே நிக்கிறீங்களே!" என்றவர், நான் எண்ணைத் தட்டுவதற்குள் தன் போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

அரியலூரில் இதயத்துடிப்பைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, முதல் மருந்து கொடுத்து, அதே வேகத்தில் திருச்சிக்கு அனுப்பினார்கள். அடைப்பு இருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி பலவீனமாகிவிட்டது, அது முழுசாகப் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொன்னார். எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். "ஆடியிலேருந்து" என்று கட்டிலில் கிடந்தபடி அவளே பதில் சொன்னாள். அப்போது மார்கழி. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு ஓய்வு, சமையல் என் பொறுப்பு. டி.வி. சலித்துப்போய் அவள் என் புத்தகங்களை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தாள். ஒரு மத்தியானம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"என்னங்க, இந்தப் பக்கத்துல ஏன் கோடு போட்டு வச்சிருக்கீங்க?"

மருத்துவப் புத்தகம். மாரடைப்பின் அறிகுறிகள் பெண்களுக்கு எப்படி மாறுபடலாம் என்ற பக்கம். மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை என் பென்சில் கோடு ஓடியிருந்தது. அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது.

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. புத்தகம் அவள் மடியில் விரிந்து கிடந்தது, சமாளிக்க முடியவில்லை. "எனக்குத் தேவைப்படாததுக்கெல்லாம் கோடு போடுவேன்" என்றேன்.

"படிச்சுட்டுப் போட்டீங்களா, படிக்காமலே போட்டீங்களா?"

"தலைப்ப மட்டும் பாத்தேன்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புத்தகத்தை என் பக்கம் நீட்டினாள்.

"எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுவீங்கல்ல. இதையும் வாசிங்க."

ஈரக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். நெஞ்சு வலி இல்லாமலும் வரலாம் என்று முதல் வரியிலேயே இருந்தது. படியேறும்போது மூச்சு வாங்குதல். காரணம் தெரியாத அசதி. முதுகு வலி. தாடை வலி என்ற இடத்துக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்தினேன். எனக்கு அழுகை வந்தது.

"நிறுத்தாதீங்க" என்றாள். "கீழ வரைக்கும் வாசிங்க."