சாம்பிராணி போடாத அறை

செவ்வாய்க்கிழமை காலை நான் பல்லிக்குத் தீனியான சில்வண்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது, யோகனின் மனைவி மாலாவின் அழைப்பு வந்தது. "அக்கா, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றாள். மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது. பெட்டியை மூட மறந்து அப்படியே நின்றுவிட்டேன். அன்று முழுவதும் என் குசினிக்குள் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. யோகன் பார்த்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

ஹோம்புஷிலும் பென்டில் ஹில்லிலும் அவரைத் தெரியாத தமிழர் குறைவு. தொழில் பஸ் ஓட்டுவது. நாங்கள் வைத்த பெயர் பாம்பு யோகன். கராஜுக்குள் பாம்பு, தோட்டத்தில் நீலநாக்கு அரணை என்று நீங்களும் ஒருமுறையாவது அவரைக் கூப்பிட்டிருப்பீர்கள். வேலை முடிந்த கையோடு யூனிபோர்முடன் வருவார். அந்தச் சீவனைப் பார்க்காமல் தேத்தண்ணியைத் தொடமாட்டார்.

போன குளிர்காலத்தில் பக்கத்து ஃபிளாட்காரர் வீடு மாறிப் போகும்போது, ஒரு கண்ணாடித் தொட்டியைக் குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே புள்ளி விழுந்த ஒரு பல்லி. அந்த இனத்துக்குப் பெயரே தடித்தவால் பல்லி. இதன் வாலோ ஈர்க்குப்போல் இருந்தது. பல்லி என்றாலே எனக்கு உடம்பு கூசும். ஆனாலும் விட்டுவர மனம் கேட்கவில்லை. யோகனுக்குப் போன் அடித்தேன்.

வந்தார், வாலைப் பார்த்தார். "கொழுப்பெல்லாம் இதுக்கு வாலிலதான் இருக்கும் அக்கா. ஒண்டும் மிச்சமில்லை. என்ர வீட்டில ஏற்கெனவே ஒன்பது நிக்குது. வளக்கிற லைசென்சுக்கு நான் எழுதித் தாறன், நீங்கள் வளத்துப் பாருங்கோ."

"நானோ? உமக்கென்ன விசரே தம்பி?" என்று கேட்டேன். கேட்டு என்ன, தொட்டி ஏற்கெனவே என் வீட்டுக்குள் வந்துவிட்டது.

என் வீட்டுக்குள் முட்டைகூட வராது. முதல் நாள் பூசணிக்காயை அவித்து மசித்து வைத்தேன். அது திரும்பியும் பார்க்கவில்லை. "மரக்கறி உங்களுக்கு அக்கா, அதுக்கில்லை" என்று சொல்லி, உயிருள்ள சில்வண்டுகளைக் கல்சியம் மாவில் புரட்டிக் காட்டினார் யோகன். திருநீறு பூசினதுபோல் வெள்ளையாக நின்றன. "பாத்தியளே, சைவமாக்கியாச்சு" என்றார்.

வீட்டிலேயே கணகணப்பான இடம் சாமியறை. தொட்டியை அங்கேதான் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை வழமைபோலச் சாம்பிராணி போட்டேன். நோஞ்சான் சீவன், நல்லது நடக்கட்டும் என்று தொட்டிக்கும் ஒருமுறை காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பின்னேரம் திறந்து பார்த்தால், வாயைப் பிளந்தபடி மூச்சுக்குத் தவிக்கிறது. ஐயோ, என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று போனில் அழுதேன்.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டித் திருப்பிக் கொண்டுவந்தார் யோகன். ஒரு சொல் ஏசவில்லை. சாமிப்படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குசினி அலுமாரியில் அடுக்கினார். "அவை எங்கயும் இருப்பினம் அக்கா. இதுக்கு இந்தச் சூடு வேணும்."

அதற்குப் பிறகு பதினொரு நாள் அது வாயில் ஒன்றும் வைக்கவில்லை. இன்னும் சில நாள்தான் தாங்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கிட்டப் போனால் நாய்க்குட்டிபோல் குரைத்தது. பல்லி சொன்னால் விரலால் தட்டிப் பழகிய என் கை, தானாகவே மேசையில் தட்டியது. "அது பலன் சொல்லேல்லை அக்கா, பயத்தில கத்துது" என்றார் யோகன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, தொட்டிக்குள் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு நிமிடமும் வாய் ஓயாத மனிதர், முக்கால் மணித்தியாலம் அசையாமல் இருந்தார்.

பன்னிரண்டாம் நாள் அது கல்லுக்குக் கீழிருந்து வெளியே வந்தது. இமையில்லாத கண்ணை நாக்கால் துடைத்தது. ஐந்து விரலும் விரிந்த குட்டிக் காலொன்றை அவர் கையில் வைத்தது; பிறகு மற்றதையும் வைத்தது. உள்ளங்கையில் ஏறி நின்றுகொண்டே சில்வண்டைக் கவ்வியது. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல் நின்றேன். கைகூப்பியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். யோகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களைப் பாத்துப் பயப்படாமல் ஒருக்காச் சாப்பிட்டிட்டுது. இனிப் பிழைக்கும்."

பிழைத்துவிட்டது. வால் இப்போது கரட்போல் தடித்திருக்கிறது. செத்தவீட்டால் வந்த அன்று, யோகனைப்போலக் கையை விரித்துத் தொட்டிக்குள் வைத்தேன். அவர் இல்லாமல் இதை எப்படிக் காப்பாற்றப் போகிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை மட்டும் அசையவில்லை. அது குரைக்காமல் ஏறி வந்தது. யோகனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அசையாத கைதான்.

அவர் படத்தைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மாலை போட்டிருக்கிறேன், சின்ன மின்விளக்கும் எரிகிறது. வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "ஒரு ஊதுபத்திகூடக் கொளுத்தேல்லையே?"

"தம்பிக்குப் பிடிக்காது" என்கிறேன்.