கிள்ளானில் பதினோரு கல்யாண டேப்புகளும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையும்

போன பள்ளி விடுமுறையில், ஒரு செவ்வாய்க்கிழமை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் பழைய கல்யாண வீடியோக்களைத் தேடிப் போனேன். பள்ளிக் கலைக் கண்காட்சிக்குப் பழைய படத்துண்டுகளை ஒட்டி மூன்று நிமிட வீடியோ செய்ய வேண்டும். இருந்ததோ ஒரே வாரம். அப்பா அம்மா கல்யாணத்தை எடுத்த ஜோசப் அங்கிளிடம் வெட்டி ஒட்டாத மூல டேப்புகள் இருப்பதாக அம்மா சொன்னார்.

கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் காலை 9.20க்குக் கொமுட்டர் ரயில் ஏறினேன். (பெண்கள் பெட்டி நடுவில் இருக்கும். குளிரும், ஜாக்கெட் அவசியம்.) கிள்ளானில் இறங்கும்போது 10.30. அங்கிருந்து பன்னிரண்டு நிமிட நடை. பூக்கடைக்கு மேல்மாடியில் அங்கிள் வீடு.

"முதல் ஒரு நிமிஷத்த ஓட்டி விட்ருமா. அதெல்லாம் குப்பை லா," என்றார் அங்கிள், முதல் டேப்பைப் போட்டபடி.

எனக்கு எதையும் முதல் பக்கத்திலிருந்து படித்துத்தான் பழக்கம். மொத்தம் பதினோரு டேப்புகள். போடப் போட ஒரே மாதிரி தொடங்கின. ஒரு பெண் கேமரா முன்னால் வெள்ளைக் கைக்குட்டையை விரித்துப் பிடிக்கிறார். வெள்ளை எது என்று கேமராவுக்குக் காட்டினால்தான் மற்ற நிறங்கள் சரியாக வருமாம். அவர் அங்கிளின் மனைவி ரீட்டா ஆன்டி. இறந்து பதினாறு வருடம். மண்டபம் மாறியது, புடவை மாறியது, டேப்புக்கு டேப் நரை ஏறியது. துணிக்கு மேலே அந்தக் கண்கள் மட்டும் சிரிக்காமல் நேரே என்னைப் பார்த்தன.

யார் கல்யாணமும் வேண்டாம், இந்த முதல் நிமிடங்கள் போதும் என்று முடிவு செய்தேன்.

கடைசி டேப்பில் கைக்குட்டை அதே உயரத்தில் இருந்தது. பிடிக்க ஆள் இல்லை.

"லைட் ஸ்டாண்ட்ல கட்டுனேன்மா," என்றார் அங்கிள். "அவ போய் மூணாவது வாரம். புக்கிங் வாங்கிட்டேன், என்ன செய்ய?"

அப்போது டேப்பில் அவருடைய குரலே கேட்டது: "ரீட்டா, கொஞ்சம் மேல."

கைக்குட்டை மேலே ஏறியது.

"ஃபேன் காத்து," என்றார் அங்கிள். திரும்பப் போடச் சொல்லவில்லை. நானும் போடவில்லை.

டேப்பை வெளியே எடுத்துவிட்டு, இந்த முதல் நிமிடங்களை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மறுத்தால் வெறுங்கையோடு ரயில் ஏற வேண்டியதுதான்.

"எடுத்துக்கோ. என் சத்தத்த மட்டும் வெட்டிரு. அவள நான் கூப்புட்டது ஊருக்கு எதுக்கு?"

இப்படி டேப் தேடிப் போகிறவர்கள் சொந்த ஹார்ட் டிஸ்க் கொண்டு போங்கள். படியெடுக்க டேப் ஓடும் நேரம் முழுக்க ஆகும். முதல் நிமிடங்கள் மட்டும் என்றாலும், ஒவ்வொரு டேப்பாகச் சுற்றி, பார்த்து, படியெடுத்ததில் எனக்கு மாலை 4.40 ரயில்தான் கிடைத்தது. அனுமதியை நேரில் கேளுங்கள்.

அங்கிள் சொன்னபடி குரலை வெட்டிவிட்டேன். இப்போது என் வீடியோவில், யாரும் கூப்பிடாமலே அந்தக் கைக்குட்டை மேலே ஏறுகிறது.