அம்மாவுக்கு ஊதா

என் தங்கை பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறவள். காத்திருப்பவர்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்தே ஒரு புத்தகம் எழுதிவிட்டாள். ஒவ்வொருவரைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி உண்டு, அதன் நிறமே அவர் குணம் என்பது விஷயம். ஆவி, மந்திரம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள்கூட அதைப் பேருந்தில் நின்றபடி படித்தார்கள். அட்டையில் அவள் படம். நன்றாகத்தான் இருந்தது. என் தங்கையாயிற்றே.

நான் தையல் நூலும் கம்பளி நூலும் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். துணிக்கேற்ற நூலை விளக்கின் கீழ் பார்த்து எடுத்தால் நிறம் தப்பிவிடும்; வாசல் வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும். சின்ன வயதில் பள்ளிவிட்டுக் கடைக்கு வந்துகொண்டிருந்த தங்கைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். புத்தகத்தில், 'மனித ஒளியை விளக்கின் கீழ் நோக்காதீர்கள்' என்று வருகிறது. நன்றி மட்டும் பெயரில்லாத ஒரு குருவுக்கு. அவருக்குத் தாடி உண்டாம்.

இப்போது கடைக்கு வருகிறவர்கள், "அக்கா, என் ஒளி இளம்பச்சை, அதுல ஒரு நூல்கண்டு குடுங்க" என்கிறார்கள். முதலாளிக்குக் கொண்டாட்டம்.

அம்மாவின் கம்பளிச் சட்டைக்கு நிறம் பார்ப்பதும் பின்னுவதும் எப்போதும் நான்தான். அது ஒன்றாவது என்னுடையது என்றிருந்தேன். போன வாரம் அம்மாவும் தங்கையும் கடைக்கு வந்தார்கள்.

"பெரியவளே, ஊதா எடு," என்றாள் அம்மா.

"உனக்கு எப்பவும் பழுப்புதானேம்மா?"

"என்னைச் சுவரோட சுவரா வெச்சிருந்தே. நான் ஊதான்னு இவதான் கண்டுபிடிச்சா."

தங்கை நெளிந்தாள். "அக்கா, நான் ஒண்ணும் சொல்லல. அம்மாவே படிச்சுட்டு..."

"சரி, மேதை, என் நிறம் என்னடி?"

"உன்னுது தெரியலக்கா. கூடவே இருந்ததால கண்ணுல படல."

"எப்படிப் படும்? குருவோட தாடி மறைச்சிருக்கும்."

அவள் முகம் சுருங்கியது. எனக்குக் கொஞ்சம் இனித்தது.

அலமாரியில் சோகை பிடித்தாற்போல ஓர் ஊதா இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் அம்மா மறுபடியும் பழுப்புக்கே வந்திருப்பாள். கை போகவில்லை. அம்மாவை வாசலுக்கு அழைத்துப்போய், ஒவ்வொரு ஊதாவாகக் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"பாத்தியா! நான் சொல்லல?" என்று அம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நூலைப் பிடித்திருந்த என் கையை இருவரும் பார்க்கவில்லை.

மாலையே பின்னத் தொடங்கினேன். "ஒரு கை மட்டும் நான் பின்னட்டுமாக்கா?" என்று தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஊசியைத் தரவில்லை.